ஏழு வெறும் பைகள்

நிலைநீர் கலந்த தட்டணுப் பை ஏறத் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் சுடலைமணியின் உதடு வீங்கியது. அதற்கு முன்பே கழுத்தில் தடிப்பு கிளம்பியிருந்தது. அவர் சொல்லவில்லை. உப்பளத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய ஆள். தோல் அரிப்பதெல்லாம் அவருக்கு ஒரு செய்தியே இல்லை.

ஆக்னஸ் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரத்த வங்கியின் பொறுப்பாளர் வார்டுக்கு வந்து நிற்கும் வழக்கம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சுடலைமணி என்பதால் வந்திருந்தாள். ஒரு காலத்தில் அவளுடைய ரத்த வங்கி நாற்காலியில் உட்கார்ந்து அறுபத்தொரு முறை ரத்தத் தட்டணு கொடுத்தவர் அவர்.

"அண்ணாச்சி, மூச்சு எப்படி இருக்கு?"

"தொண்டைக்குள்ள எவனோ ஏறி உக்காந்திருக்கான் தங்கச்சி."

பேச்சித்தாய் சிஸ்டர் ஓடி வந்து குழாயை மூடினாள். தொடையில் அட்ரினலின் குத்தினாள். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினாள். இருபது நிமிடம் ஆயிற்று அவர் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்க. பையில் முக்கால்வாசி அப்படியே மிச்சம். காலையில் எடுத்த தட்டணு எண்ணிக்கை மூவாயிரம். ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய இடத்தில் மூவாயிரம். அவருடைய எலும்பு மஜ்ஜை கடையைச் சாத்திவிட்டது. திறக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அது வேலை செய்ய மூன்று மாதம் ஆகும். அதுவரை யாருடைய தட்டணுவாவது அவருக்குள் ஓடவேண்டும். ஓடாவிட்டால் ஒரு தும்மலில்கூட மூளைக்குள் ரத்தம் கசியும்.

அவர் மனைவி இசக்கியம்மாள் ஆக்னஸை நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"முதல் பைக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவதுக்கு லேசா அரிச்சுது. மூணாவதுக்கு உடம்பெல்லாம் தடிச்சுது. இப்ப இப்படி. என்ன ஊத்துதிய அவியளுக்கு?"

"மதினி, தட்டணுங்கறது ஒவ்வொண்ணும் ஒரு சின்ன மருந்துப் பொட்டலம். காயம் பட்ட இடத்துல போய் ஒட்டி, பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டும். ரத்தம் நிக்கும். பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சா அதுக்குக் காயம் எது, பை எதுன்னு தெரியாது. கொஞ்சங்கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கும். அஞ்சாம் நாள் பார்த்தா பையில பாதி அது கொட்டின சரக்குதான். அதை ஏத்தினா அரிக்கும், தடிக்கும். அதனாலதான் முந்தி அஞ்சு நாளைக்கு மேல வைக்க மாட்டோம்."

"இப்ப நாப்பது நாள் வைக்கியளே."

"நிலைநீர் ஊத்தறோம். அது ஒவ்வொரு தட்டணுவையும் ஒரு தோல் மாதிரி போர்த்திக்கும். உள்ளே இருக்கறது வெளியே வராது."

"வெளியே வராதுன்னா அரிக்கக் கூடாதுல்லா?"

சரியான கேள்வி. மூன்று வருடம் முன்பு, அந்த நீரைச் சோதனை செய்தபோது, ஒரு நிபுணராவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அந்தத் தோலே உடம்புக்குப் பகையாகிவிட்டால்? முதல் பையில் உடம்பு அதைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் அடையாளம் காண்கிறது. நான்காவதில் கதவைச் சாத்துகிறது. ஆனால் சோதனையில் முந்நூறு நோயாளிகள், பலருக்கு ஏழெட்டுப் பை வரை ஏற்றினார்கள். கடுமையான எதிர்வினை பூஜ்யம். அந்தக் கணக்குத் தாள்கள் எல்லாவற்றிலும் அடியில் ஆக்னஸின் கையெழுத்துதான் இருந்தது.

அவள் வார்டுக்குத் திரும்பியபோது பேச்சித்தாய் சிஸ்டர் தட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். தட்டில் இரண்டு காலி மருந்துக் குப்பிகள். ஒன்று அட்ரினலின். இன்னொன்று அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் ஏவில்.

"ஏவில் எப்ப போட்டீங்க சிஸ்டர்? மூச்சு முட்டின பிறகா?"

"அதுக்கு முந்தி. பை மாட்டுறதுக்கு அரைமணி முன்னாடி. எப்பவும் போல."

"சீட்டுல எழுதலியே?"

"ஏவிலையெல்லாம் யாரு எழுதுவா?"

ஆக்னஸ் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தாள். பிறகு கேட்டாள். "நிலைநீர் சோதனை நடந்தப்பவும் போட்டீங்களா?"

"போடாம? ஒவ்வொருத்தரும் சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்கறதை எவ பாத்துக்கிட்டு நிப்பா? இருபத்தாறு வருசக் கைப்பழக்கம். பை வந்தா ஏவில்."

"போட்டா எதிர்வினை மறைஞ்சிடும், போடக்கூடாதுன்னு சோதனை விதியில முதல் பக்கத்துலயே இருந்துதே!"

"இங்கிலீசுல இருந்துச்சு." சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒளிச்சு வெச்ச மாதிரி பேசாத. ஒரு மாசத்துலயே எனக்குச் சந்தேகம் வந்து டாக்டர்ட்ட கேட்டேன். பரவாயில்ல, போட்டுட்டே இருங்கன்னாரு. உங்கிட்ட சொல்லலியா அவரு?"

சொல்லவில்லை.

டாக்டர் கோமதிநாயகம் தன் அறையில் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரத்தவியல் துறைத் தலைவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஆக்னஸை வேலைக்கு எடுத்தவர். மைக்ராஸ்கோப்பில் ரத்தப் பூச்சு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அவள் கணவன் துறைமுகத்தில் செத்தபோது மூன்று நாள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். அவர் பொய் சொல்லக்கூடும் என்று ஆக்னஸுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தா சாய்ந்துகொள்கிறோம்?

"சோதனையில ஏவில் போட்டது உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் சப்பாத்தியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உக்காரும்மா."

"நிக்கேன்."

"அந்த வருஷம் டெங்குல பத்தொன்பது பிள்ளைங்க செத்துது. ஞாபகம் இருக்கா? ஏழு பிள்ளைங்க செத்தப்ப நம்ம அலமாரியில ஒரு பைகூட இல்ல. முந்தின வாரம் பதினாலு பையைக் காலாவதி ஆயிட்டுதுன்னு நீதான் குப்பையில போட்டே. போட்டுட்டு அழுதே. நிலைநீர் வந்ததுக்கு அப்புறம் பையில்லாம ஒரு பிள்ளை செத்திருக்கா?"

"இல்ல."

"சோதனையை நிறுத்தி முதல்ல இருந்து தொடங்கணும்னா ரெண்டு வருஷம். நிலைநீர்க் கம்பெனிக்காரன் வேற ஊருக்குப் போயிருப்பான். ஒண்ணு ரெண்டு பை ஏத்தறவங்களுக்கு இதால ஒரு தொல்லையும் இல்ல. திரும்பத் திரும்ப ஏத்தறவங்களுக்குத்தான். அவங்க நூத்துல நாலு பேர்."

"அந்த நாலு பேர் என்ன செய்யணும் சார்?"

அவர் கை கழுவப் போனார்.

"அண்ணாச்சிக்கு நிலைநீர் ஆகாது. வெறும் பையில அன்னன்னைக்கு எடுத்து ஏத்தணும்," என்றாள் ஆக்னஸ்.

"வெறும் பை எங்கே இருக்கு? எல்லாப் பையும் நிலைநீரை ஊத்தியேதான் வருது. வெறும் பை செய்யறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. இருந்தாலும் அதுல எடுத்தா உரிமம் போயிடும். சட்டம்."

"திருவனந்தபுரம்? கேரளாவுல இன்னும் நிலைநீர் வரலியே."

"மூவாயிரத்தை வெச்சுக்கிட்டு அஞ்சு மணி நேரம் வண்டியில குலுக்கிக்கிட்டுப் போறதா? வழியிலேயே தலைக்குள்ள கசிஞ்சிடும்." துண்டில் கையைத் துடைத்தார். "சில பேரை விட்டுத்தான் சில பேரைப் பிடிக்க முடியும், ஆக்னஸ். உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாதுதான்.

பையை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஆளையாவது தேடுவோம் என்று கீழே வந்து கோடு போட்ட பழைய நோட்டை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஊரில் அவர்களுக்கு 'மக்ரூன் பார்ட்டி' என்று பெயர். தட்டணு கொடுத்து முடித்ததும் ஆளுக்கு நாலு முந்திரி மக்ரூனும் ஒரு டம்ளர் சர்பத்தும் ஆஸ்பத்திரிச் செலவு. லோடு ஏற்றுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு சலூன்காரர். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து ஒன்றரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை வழியாக ரத்தத்தை எடுத்து, தட்டணுவை மட்டும் பிரித்து, மீதியை மெஷின் திருப்பி உள்ளே விடும். அவர்களுக்குள் யார் அதிகம் கொடுத்தது என்று போட்டிகூட உண்டு. சுடலைமணிதான் முதலிடம்.

நிலைநீர் வந்ததும் அவர்கள் தேவைப்படவில்லை. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை குளிர்வண்டியில் பை வந்தது. டாக்டர் ஒரு விழா வைத்தார். மேடையில் பெயர் வாசித்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெயர் வாசித்தது ஆக்னஸ்.

"யாரு, ஆக்னஸக்காவா? உயிரோடதான் இருக்கியளா?" என்றார் சலூன்காரர் தொலைபேசியில். "டம்ளர் நல்லாத்தான் இருக்கு. ஷேவிங் தண்ணிக்கு வெச்சிருக்கேன்."

"ஒரு பை வேணும். சுடலைமணி அண்ணாச்சிக்கு."

"கடையில வாங்கிக்கிடுங்க. அதுதான் நல்லதுன்னு நீங்கதானே மைக்குல சொன்னிய." வைத்துவிட்டார்.

முப்பத்தெட்டுப் பேரிடம் பேசினாள். பாதிப் பேருக்கு எண் மாறியிருந்தது. சிலருக்குச் சர்க்கரை வந்திருந்தது. ஒருவர் செத்து வருடமாகியிருந்தது, அவளுக்குச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மீதிப் பேர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பதிலை ஆக்னஸ் கடன்காரர்களிடம்தான் கேட்டிருக்கிறாள்.

முப்பத்தொன்பதாவது, வலை பின்னும் எஸ்தர்.

"எப்ப வரணும் எக்கா? டாக்டர் வீட்டம்மாவுக்குத்தானே?"

"டாக்டர் வீட்டம்மாவுக்கா?"

"ஆமா. போன மாசம் எட்டாம் தேதி கொடுத்தேன்லா. மூணு வாரம் கழிச்சுக் கூப்பிடுதேன்னாவ. அதுக்குத்தான் நீங்க பேசுதியன்னு நினைச்சேன்."

ஆக்னஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரின் மனைவிக்கு ஒன்றரை வருடமாக ரத்தப் புற்று. ஆறு பேர் முறைபோட்டுக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆக்னஸ் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம். டாக்டரே மெஷினை ஓட்டுவார். வெறும் பை. எடுத்த கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றுவார்கள்.

"யார் யாரு அந்த ஆறு பேர்?"

எஸ்தர் ஐந்து பெயர் சொன்னாள். பிறகு தயங்கினாள். "ஆறாவது அண்ணாச்சிதான். சுடலைமணி அண்ணாச்சி. அவிய படுத்ததுல இருந்து நாங்க அஞ்சு பேர்."

மேலே வார்டில் சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று ஆக்னஸுக்குத் தெரியும்.

"எத்தனை தடவை கொடுத்தீங்க அண்ணாச்சி? டாக்டர் வீட்டுக்கு?"

"எட்டு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அப்ப அறுபத்தொன்பது. உன் நோட்டுல தப்பா இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லாதேன்னாவ. சரின்னேன். சரின்னு சொன்ன பெறவு எப்படிச் சொல்ல?"

"ஏன் வெறும் பையில எடுக்கறாருன்னு உங்களுக்குத் தோணலியா?"

"தோணிச்சு. பெரிய இடம், புதுசா கறந்த பால் வேணும்னு நினைக்காவன்னு நினைச்சேன்." இப்போது கண்ணைத் திறந்தார். வெள்ளை விழியில் ஒரு மூலை ரத்தச் சிவப்பாக இருந்தது. காலையில் அது இல்லை. "அந்தப் பை எனக்குக் கிடைக்குமா தங்கச்சி?"

அவர் மேல் கோபப்பட அவளுக்கு நேரமில்லை. தள்ளி வைத்தாள்.

ரத்த வங்கியின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. சாவி டாக்டரிடம் மட்டும். உள்ளே பழைய கோப்புகள் என்று சொல்லியிருந்தார், அவளும் நம்பியிருந்தாள். பராமரிப்புக்காரர் பிச்சாண்டியைக் கூப்பிட்டு, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பூட்டை அறுத்தாள்.

ஏழு வெறும் பைகள். காலாவதி ஆக இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவற்றுக்கு அடியில் கோப்புகளும் இருந்தன. டாக்டர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. நீல அட்டை போட்ட ஒரு கோப்பை ஆக்னஸ் பிரித்தாள். அவளுடைய கையெழுத்து.

எதிர்வினைச் சீட்டுகள். நிலைநீர் ஏற்றி யாருக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் பெயர், விலாசம், பை எண், நிமிடம் எல்லாம் எழுதிக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பவேண்டும். ஏவிலையும் மீறிக் கிளம்பியவை. இரண்டு வருடத்தில் முப்பத்தேழு சீட்டு எழுதியிருக்கிறாள். துறைத் தலைவர் வழியாகத்தான் போகும். "அனுப்பியாச்சும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். ஒருமுறை, "உன் சீட்டைக் குழுவுல பாராட்டினாங்க, கையெழுத்து அவ்வளவு தெளிவா இருக்காம்" என்றுகூடச் சொன்னார். அவள் அன்றைக்கு வீட்டில் கேசரி செய்தாள்.

முப்பத்தேழும் வரிசை பிசகாமல் இருந்தன. அந்தக் கேசரிதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை எஸ்தர் பத்து மணிக்கு வந்தாள். சோதனைகள் முடிந்து ஒரு மணிக்குப் பை தயார். இளமஞ்சள் நிறம், வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினால் உள்ளே பட்டுத் துணி மாதிரி ஒரு சுழற்சி. நல்ல தட்டணுவின் அடையாளம் அது. நிலைநீர்ப் பையில் அந்தச் சுழற்சி வராது. அதைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதே ஆக்னஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏவில் வேண்டாம் சிஸ்டர்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகட்டும். தெரியணும்லா."

பேச்சித்தாய் சிஸ்டர் சிலுவை போடுகிற ஆள் இல்லை, இருந்தாலும் போட்டாள். பதினோராவது நிமிடம் போயிற்று. இருபது. நாற்பது. சுடலைமணி வாயைப் பிளந்து குறட்டை விட்டார். மாலையில் எண்ணிக்கை முப்பத்தோராயிரம்.

டாக்டர் அறுந்த பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கத்தவில்லை. அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆறு பை மிச்சம் இருக்கு. இதுக்கு மேல எங்கேயும் கிடைக்காது. நான் தேடாத இடமில்ல. ஆளுக்கு மூணு வெச்சுக்குவோம். அவருக்கு மூணு, அவளுக்கு மூணு."

"நூத்துல நாலு பேர்னு சொன்னீங்க. அதுல ஒருத்தி உங்க வீட்டுல இருக்கான்னு சொல்லலியே."

"சொல்லிட்டா மட்டும் என்ன செஞ்சிருப்பே?"

"என் சீட்டெல்லாம் அனுப்பியாச்சுன்னு சொன்னீங்க."

அவர் பூட்டை மேசையில் வைத்தார். "அனுப்பியிருந்தா அன்னைக்கே விசாரணை. நிலைநீர் நிக்கும். அடுத்த டெங்குக்கு மறுபடி காலி அலமாரி. நீ மறுபடி அழுவே. நான் அதைத் திரும்பப் பாக்க விரும்பல. நம்பறியோ இல்லியோ." எழுந்தார். "இப்பவும் அதேதான். நீ வெளியே சொன்னா முதல் வேலையா ரத்த வங்கியைப் பூட்டி, அந்த ஆறு பையையும் சாட்சிப் பொருளா எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்க அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஏத்தினது அஞ்சு நாள் தாங்கும். ஆறாம் நாள் என்ன செய்வேன்னு யோசிச்சுட்டுப் பேசு."

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அந்த மனிதரிடம் சிக்கல்.

ஆக்னஸ் ஒன்றரை நாள் கணக்குப் போட்டாள். மூன்று பை, பதினைந்து நாள். மருந்து அதற்குள் வேலை செய்யத் தொடங்கினாலும் தொடங்கும். பதினைந்து நாள் கழித்துச் சொன்னால் என்ன? இரண்டு வருடம் பொறுத்தாயிற்று. இந்த எண்ணம் அவளுக்குச் சுலபமாக வந்தது. டாக்டருக்கும் இப்படித்தான் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை பேச்சித்தாய் சிஸ்டர் கீழே இறங்கி வந்தாள். "ஒன்பதாம் கட்டில் பொண்ணு ரிஸ்வானா. பதினாலு வயசு. புற்றுக்கு ஊசி மருந்து ஆரம்பிச்சதுல இருந்து மூணாவது பை. உடம்பு பூராத் தடிப்பு. ஏவில் போட்டு அடக்கியிருக்கேன். அடுத்த வாரம் நாலாவது மாட்டணும்." சீட்டை நீட்டினாள். "மாட்டலாமா?"

மாட்டக்கூடாது என்றால் ஏன் என்று எழுதவேண்டும். அலமாரியில் ஒரு வெறும் பையை எடுத்துக் கொடுக்கலாம். கொடுத்தால் அண்ணாச்சிக்கு இரண்டு. அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை வரும். ஆறு பையை வைத்துக்கொண்டு யாருக்கு, யாருக்கு இல்லை என்று அவள் உட்கார்ந்து பிரிக்கவேண்டும், பூட்டு ஒன்று வாங்கவேண்டும்.

அவள் நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் முப்பத்தேழு சீட்டையும் நகல் எடுத்தாள். முதல் நகல் கண்காணிப்புக் குழுவுக்கு, நேரடியாக. மற்றதைக் குழுவை நம்பி விட அவளுக்கு மனமில்லை. சீட்டில் இருந்த விலாசங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பினாள். கடைசியாக மேலே போய், ரிஸ்வானாவின் அப்பா காசிமிடம் ஒரு கட்டைக் கொடுத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நின்றபடியே நாலு தாளைப் படித்தார்.

"இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எழுதினது நான். பூட்டி வெச்சது டாக்டர்."

"எழுதிட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

"கேசரி செஞ்சேன்," என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க அவளும் முயலவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேர். மறுநாள் இருநூறு. டாக்டர் சொன்னபடியே நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், ரத்த வங்கிக்குச் சீல் வைத்தார்கள், ஆறு வெறும் பைகளையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கொஞ்சம் வெறும் பை கிடைத்தது. அதில் முதல் ஒதுக்கீடு குழந்தைகளுக்கு. ரிஸ்வானாவுக்கு வந்தது. சுடலைமணிக்கு ஐம்பத்திரண்டு வயது.

அவரிடம் போய்ச் சொல்வதை ஆக்னஸ் வேறு யாரிடமும் விடவில்லை.

"அந்த மூணு பை?" என்றார்.

"எடுத்துட்டுப் போயிட்டாவ."

"போவும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவர் போர்வையை விலக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தார். முன்கையில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து புதிதாக ஊதாத் திட்டுகள் வரத் தொடங்கியிருந்தன.

"அறுபத்தொன்பது தடவை," என்றார். "யாருக்குப் போவுதுன்னு ஒருநாள் கேட்டிருப்பேனா? எனக்குன்னு வந்தப்ப ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லா தங்கச்சி? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பார். உயிர் வேண்டும் என்று சொல்லியிருப்பார், எந்த மனிதனும் சொல்கிற மாதிரி. அதனால்தான் அவள் கேட்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கியம்மாள் வந்து, "எந்திரிச்சுப் போ" என்றாள். மதினி என்று கூப்பிட ஆக்னஸுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அந்தக் கட்டில் காலி. டாக்டர் தன் மனைவியைத் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார், அதே வண்டியில் சுடலைமணியையும் ஏற்றிக்கொண்டார் என்று பேச்சித்தாய் சிஸ்டர் சொன்னாள். ஐந்து மணி நேரக் குலுக்கல். டாக்டருக்கு அங்கே கூடப் படித்த நண்பர் இருந்தார். அந்த நண்பர் முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருப்பார். ஆக்னஸ் அதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் வெறும் பைகள் மாநிலம் முழுக்க வரத் தொடங்கின. நிலைநீர் நிற்கவில்லை, ஒரு பை, இரண்டு பை ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் என்று விதி வந்தது. மக்ரூன் பார்ட்டியைத் திரும்பக் கூட்ட ஒரு புதுப் பொண்ணைப் போட்டார்கள். ஆக்னஸைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். சட்டத்துக்குப் புறம்பான பையில் தட்டணு எடுத்தது, பூட்டை உடைத்தது, நோயாளிகளின் விவரத்தை வெளியே கொடுத்தது. மூன்றும் உண்மை.

நாலு மாதம் கழித்து விசாரணை. கம்பெனி வக்கீல் சொன்னது இதுதான். ஏவில் போட்டது வார்டுப் பழக்கம், டாக்டருக்குத் தெரியாது. சீட்டுகளை அவரிடம் கொடுக்கவே இல்லை, ஆக்னஸே அலமாரியில் வைத்துக்கொண்டாள். அலமாரியில் இருந்த பைகளும் அவள் பதுக்கியவை. பேச்சித்தாய் சிஸ்டர் டாக்டரிடம் சொன்னதற்குத் தாள் ஏதும் இல்லை. எஸ்தர் விசாரணைக்கு வரவில்லை. ராமேஸ்வரம் பக்கம் போய்விட்டாளாம். முறை போட்டுக் கொடுத்த மற்ற நாலு பேரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் ஒரே ஒரு சாட்சி. டாக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்பதற்கு அவர் ஒருவர்தான் ஆதாரம்.

சுடலைமணி வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். ஆனால் நடந்து வந்தார்.

"டாக்டர் கோமதிநாயகம் வீட்டுக்காக நீங்கள் வெறும் பையில் தட்டணு கொடுத்தது உண்டா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"இல்ல."

"எட்டு முறை கொடுத்ததாக ஆக்னஸ் அம்மாள் சொல்கிறார்."

"நான் மொத்தமே அறுபத்தொரு தடவைதான் கொடுத்திருக்கேன். அந்தம்மா நோட்டுலயே இருக்கும், பாருங்க." ஆக்னஸ் பக்கம் திரும்பாமலே சொன்னார். "டாக்டரு நல்ல மனுசன். எனக்கு உயிர் கொடுத்தவர்."

அறையில் யாரோ பேனாவை மூடிய சத்தம் கேட்டது. பின்வரிசையில் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றார் அதிகாரி ஆக்னஸிடம்.

கேட்க நிறைய இருந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதிகளையும் அவள் எழுதி வைத்திருந்தாள். தாளைப் பிரித்தாள். சுடலைமணி இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்திருந்தார். உப்பில் வெந்த கறுத்த கைகள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பார்த்தாள். ஒரு ஊதாத் திட்டு இல்லை. ஊசிப் புள்ளி அளவுக்குக்கூட இல்லை. பத்தொன்பது வருடம் ரத்தம் பார்த்த கண், தப்பாது. தட்டணு எண்பதாயிரத்துக்குக் குறையாமல் இருக்கும். மஜ்ஜை கடை திறந்துவிட்டது.

தாளை மடித்தாள்.

"ஒன்றுமில்லை," என்றாள்.